பாதி ஏணி

முன்பின் தெரியாத ஒருவர் தெருவில் உங்களை நிறுத்தி, வாயெல்லாம் பல்லாக, "அவன் எங்கே?" என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"எவன்?" என்று திருப்பிக் கேட்பீர்கள். இல்லாவிட்டால் ஆள் மாறிக் கேட்கிறார் என்று ஒதுங்கிப் போவீர்கள். நெட்டையன் இரண்டும் செய்யவில்லை. எவனைக் கேட்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் நின்று, அந்த ஊர் பாஷையில் தனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சத்தைக் கூட்டிச் சேர்த்து ஒழுங்காகப் பதில் சொன்னான்.

"ஊருக்குப் போயிருக்கான். தோள்ல அடி. வந்துடுவான்."

கேட்டவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இது ஒரு தடவை நடந்ததல்ல. ஐந்து வாரத்தில் இருபது தடவைக்கு மேல் நடந்தது. எப்படி என்று முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும்.

நெட்டையன் பெயிண்டர். ஆள் உயரம், அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை மேஸ்திரியே மறந்துவிட்டார். அவனோடு ஏழு வருஷமாக வேலை செய்தவன் அவன் தங்கச்சி புருஷன். நெட்டையன் அவனை மச்சான் என்று கூப்பிட, மேஸ்திரியும் மச்சான் என்றார், வேன் டிரைவரும் மச்சான் என்றார், கடைசியில் பெயிண்ட் கடை முதலாளி பில்லிலேயே மச்சான் என்று எழுதிக் கொடுத்தார். "ஊரு பூரா பொண்ணு எடுத்தவன் மாதிரி ஆக்கிட்டியேடா என்னை" என்று மச்சான் தலையில் அடித்துக்கொள்வான். மச்சான் குட்டை. நெட்டையனின் நெஞ்சு உயரம்தான் இருப்பான். சுவரின் மேல்பாதி நெட்டையனுக்கு, கீழ்பாதி மச்சானுக்கு. ரெண்டு பேரும் இடுப்பு உயரத்தில் சந்திக்கிற இடத்தில் கோடு தெரியாது. அதுதான் அவர்கள் பெருமை.

ரெண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். ரெண்டு இரும்புக் கட்டில், ஒரு அடுப்பு, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த ஒரு ஜன்னல். முகம் பார்க்கிற கண்ணாடியை ஆணியடித்து மாட்டியது மச்சான். அவன் உயரத்துக்கு மாட்டிக்கொண்டான். நெட்டையன் ஏழு வருஷமாகக் குனிந்துதான் சவரம் செய்கிறான்.

"கொஞ்சம் மேல தூக்கி மாட்டேன்டா."

"உனக்குப் பணிவு வரட்டும்னுதான் மச்சான் அப்படி மாட்டினேன்."

நெட்டையனுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அப்பா அம்மா இல்லை. தங்கச்சி, மச்சான், அவர்கள் பெண் குழந்தை, இவ்வளவுதான் அவனுக்கு மனிதர்கள்.

இப்போது ஏணி விஷயத்துக்கு வருகிறேன். நீள ஏணியை மாடிப்படியில் ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. முன்னால் பிடிப்பவன் வழி பார்ப்பான், பின்னால் பிடிப்பவன் சுமை பார்ப்பான். முன்னால் இருப்பவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. அதனால் படி வளைகிற இடத்தில் அவன் நின்று, "திரும்புறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். பின்னால் இருப்பவன் தோளைச் சரி பண்ணிக்கொண்டு, காலை ஊன்றிக்கொண்டு, "ஆச்சு" என்பான். ஆச்சு வந்த பிறகுதான் முன்னவன் திரும்ப வேண்டும். ஏழு வருஷத்தில் எத்தனை ஆயிரம் திரும்புறேன், எத்தனை ஆயிரம் ஆச்சு! ரெண்டும் ஒரே மூச்சில் வருகிற ஒரே சொல் மாதிரி ஆகிவிட்டது. அங்கேதான் தப்பு நடந்தது.

எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் படிக்கட்டுச் சுவர் முழுக்க அடிக்கிற வேலை. ஏணி லிஃப்டுக்குள் போகாது. மூன்றாவது மாடி வளைவில் நெட்டையன் "திரும்புறேன்" என்றான். மச்சான் அந்த நேரம் பார்த்து நெற்றி வியர்வையைத் துடைக்க ஒரு கையை எடுத்திருக்கிறான். நெட்டையன் ஆச்சுக்குக் காத்திருக்கவில்லை. வரும்தானே என்று திரும்பிவிட்டான். ஏணியின் வால் சுற்றி வந்து மச்சானை மோதியது. மச்சான் கையைக் காலை உதறிக்கொண்டு ரெண்டு படி பின்னால் ஓடி, பெயிண்ட் வாளிக்குள் ஒரு காலை விட்டு, வாளியோடு மூன்று படி நடந்து, உட்கார்ந்த வாக்கில் சறுக்கிக் கீழே போய்ச் சேர்ந்தான். நெட்டையன் திரும்பிப் பார்த்தான். மச்சான் முழங்கால் வரைக்கும் வெள்ளையாக, வாளி மாட்டிய காலோடு, வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான்.

நெட்டையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தான். அந்தப் படிக்கட்டில் எட்டு மாடிக்கும் எதிரொலித்தது.

மச்சான் சிரிக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. தோள் எலும்பு உடைந்திருந்தது.

பத்து நாளில் தோளைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனான். அந்தப் பத்து நாளும் நெட்டையன்தான் சோறு பிசைந்து கொடுத்தான், சட்டை போட்டுவிட்டான். மச்சான் வேண்டியதைக் கேட்டான், வேண்டாததை வேண்டாம் என்றான், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது மேஸ்திரி கேட்டதற்கு, "நாப்பது நாள் ஆகும்னு டாக்டர் சொன்னார்" என்றான். நெட்டையன் பக்கம் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நெட்டையன் போன் போட்டான். தங்கச்சிதான் எடுப்பாள்.

"மச்சான் இருக்கானா?"

"இப்பதான் கண்ணசந்தார் அண்ணா."

அடுத்த வாரம் குளித்துக்கொண்டிருப்பான். அதற்கடுத்த வாரம் கடைக்குப் போயிருப்பான். ஒரு தடவை பின்னால் மச்சான் இருமுவது கேட்டது. தங்கச்சி உடனே, "டிவி அண்ணா" என்றாள். டிவி இருமுமா என்று நெட்டையன் கேட்கவில்லை.

மச்சான் போன மறுவாரம் வேலைச் சட்டை கிழிந்து போயிற்று. பெயிண்டர்கள் புதுச் சட்டை வாங்கமாட்டார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய துணிக்கடை இருந்தது. தொட்டி தொட்டியாகக் கொட்டி வைத்திருப்பார்கள். நெட்டையன் தன் நீளத்துக்குச் சரியாக வருகிற மூன்று டீசர்ட்டைப் பொறுக்கினான். ஒன்று நீலம், ஒன்று சாம்பல். மூன்றாவது வெளுத்த மஞ்சள், கழுத்து தொளதொளவென்று தொங்கியது. அதில் ஒரு படம் அச்சடித்திருந்தது. தொப்பி போட்ட உயரமான ஆள் ஒருவன், தோளில் ஏணி. ஏணி நெஞ்சைக் கடந்து, அக்குள் தையலைத் தாண்டி, முதுகுப் பக்கம் சுற்றிப் போய், அங்கே பாதியில் வெட்டினாற்போல் நின்றது. அதற்குக் கீழே முதுகில் அந்த ஊர் எழுத்தில் ரெண்டு சொல். நெட்டையனுக்கு அந்த பாஷை காதால் கொஞ்சம் வரும், கண்ணால் வராது. எழுத்தைப் பார்த்தால் கம்பியை வளைத்துப் போட்ட மாதிரி இருக்கும்.

'ஏணிக் கம்பெனி விளம்பரம் போல' என்று நினைத்துக்கொண்டான். தொழிலுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று வாங்கினான்.

மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு போன முதல் நாள் காலையில், எட்டு மாடிக் கட்டடத்துக் காவலாளி பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏய்! அவன் எங்கே?"

நெட்டையன் அங்கேயே நின்றுவிட்டான். மச்சான் விழுந்த கட்டடம். அந்தக் காவலாளி கேட்கிறார். என்ன நியாயம் சொல்வது?

"ஊருக்குப் போயிட்டான். தோள் உடைஞ்சுபோச்சு" என்றான்.

காவலாளி கடகடவென்று சிரித்துவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நெட்டையன் முகம் செத்துப்போய் படியேறினான். சரி, நீயே சிரித்தாய், அவர் சிரித்தால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, கையில் ரொட்டிப் பை வைத்திருந்த ஒரு அம்மாள் அவன் முதுகுப் பக்கமிருந்து வந்து, முகத்தை எட்டிப் பார்த்து, "அவன் எங்கே?" என்றாள். நெட்டையனுக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை. இந்தம்மாளுக்கு எப்படித் தெரியும்? காவலாளி சொல்லியிருப்பார். அந்தக் கட்டடத்தில் அறுபது வீடு. அறுபது வீடும் நாலு இடத்தில் சொன்னால் ஊருக்கே தெரியாதா? குட்டையாக ஒருவன், நெட்டையாக ஒருவன், ஏழு வருஷமாக ஏணியோடு இந்தத் தெருக்களில் திரிகிறார்கள். ஒருத்தனைக் காணவில்லை என்றால் கேட்கத்தானே செய்வார்கள்?

இப்படித்தான் அவன் அதை அர்த்தம் பண்ணிக்கொண்டான்.

சில நாள் கேட்டார்கள், சில நாள் கேட்கவில்லை. கேட்கிற நாள் எது, கேட்காத நாள் எது என்று அவன் யோசிக்கவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து கோரஸாகக் கேட்டார்கள். சாலையோரம் குழி தோண்டிக்கொண்டிருந்த ஒருவன் குழிக்குள்ளிருந்தே கேட்டான். தபால்காரர் சைக்கிளை நிறுத்திக் கேட்டார். ஆரம்பத்தில் நெட்டையனுக்கு ஒவ்வொரு கேள்வியும் ஊசி குத்தின மாதிரி இருந்தது. ரெண்டு வாரம் போனதும் வேறு மாதிரி ஆகிவிட்டது.

விஷயம் என்னவென்றால், மச்சான் போன பிறகு நெட்டையனோடு பேச ஆளில்லை. மேஸ்திரி காலையில் வந்து, "அந்த மூலையில இன்னொரு கோட் அடி" என்று சொல்லிவிட்டுப் போனால் அவ்வளவுதான். படிக்கட்டில் கீழ்பாதியை அவனே முழங்கால் போட்டு அடித்தான். ஏணி வேண்டியிருந்தால் வேன் டிரைவர் முனகிக்கொண்டே ஒரு கை பிடித்துவிட்டுப் போவார். சில நாள் அறைக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் தெரியும், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்று. உதடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்டவனிடம் ஊர்க்காரர்கள் வந்து வந்து விசாரித்தார்கள். சிரிக்கிறார்கள்தான். சிரித்துவிட்டுப் போகட்டும். கேட்கிறார்களே.

அதனால் பதிலும் நீண்டுகொண்டே போனது. "ஊருக்குப் போயிட்டான்" என்றது, "தோள் கூடிக்கிட்டு வருது" ஆனது. பிறகு "அடுத்த மாசம் வர்றான்" ஆனது. பிறகு "டிக்கெட் பாக்குறான்" ஆனது. டிக்கெட்டைப் பற்றி மச்சான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் பத்துப் பேரிடம் சொன்னதும் நெட்டையனுக்கே நிஜம் மாதிரி இருந்தது. ஒரு நாள் மச்சான் கட்டில் மெத்தையைத் தட்டி, வெயிலில் போட்டு எடுத்தான்.

நாற்பது நாள் முடிந்த சனிக்கிழமை மேஸ்திரியிடம் கேட்டான்.

"மச்சான் எப்ப வர்றான்னு ஏதாவது சொன்னானாண்ணே?"

மேஸ்திரி சுவரைத் தடவிப் பார்த்தார். "இங்க பட்டி சரியா இழுபடல பாரு. நகம் மாட்டுது."

"மச்சான், அண்ணே."

"பாக்கலாம், பாக்கலாம். நீ முதல்ல இதைப் பாரு."

மறுநாள் ஞாயிறு. பெயிண்ட் துடைக்கக் கழிவுத்துணி வேண்டியிருந்தது. நெட்டையன் துவைத்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு பழைய துணிக்கடைக்குப் போனான். கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிற ரகம். அவள் ஒரு தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் அவன் முதுகைப் பார்த்தாள்.

"அவன் எங்கே?"

"ஊர்ல இருக்கான். கை நல்லாயிடுச்சு. இந்த மாசமே வந்துடுவான்" என்றான் நெட்டையன். இப்போது தட்டுத்தடங்கல் இல்லாமல் வந்தது.

அவள் சிரித்தாள். "இது நல்லாருக்கே! முகத்தை இப்படி வச்சுக்கிட்டுச் சொன்னா யாரு நம்பமாட்டாங்க?"

"நிஜமாத்தான். என் தங்கச்சி புருஷன்."

அவள் சிரிப்பு மெல்ல நின்றது. அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். தலையிலிருந்து கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"உனக்கு இது யாருன்னு தெரியாதா?" என்று அவன் நெஞ்சில் இருந்த ஆளைக் காட்டினாள்.

"ஏணிக் கம்பெனி."

"அடப்பாவமே" என்றாள் அவள். அந்த பாஷையில் அதற்கு வேறு சொல், ஆனால் அர்த்தம் அதுதான்.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். சொல் விளங்காத இடத்தில் கையால் நடித்துக் காட்டினாள். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம். ரெண்டு கோமாளிகள், ஒரு ஏணி. நெட்டை முன்னால், குட்டை பின்னால். நெட்டை திரும்புவான், ஏணி குட்டையை அடிக்கும், குட்டை விழுவான். சத்தம் கேட்டு நெட்டை திரும்பிப் பார்த்து, "அவன் எங்கே?" என்பான். சினிமாக் கொட்டகையில் இருக்கிற சனம் பூராவும், "பின்னால!" என்று கத்தும். அவன் திரும்புவான், மறுபடியும் அடி. இந்த ஊரில் அது தெரியாத ஆளே கிடையாது. பாட்டன் காலத்திலிருந்து பேரன் காலம் வரை.

"உன் முதுகுல எழுதியிருக்கிறது அதுதான். 'அவன் எங்கே?' படிக்கிறவங்க வாய்விட்டுப் படிப்பாங்க. நீ 'பின்னால!'ன்னு கத்திட்டுக் குனியணும். அதான் விளையாட்டு."

நெட்டையன் கையை முதுகுக்குக் கொண்டுபோய் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தான்.

"இது ரெட்டைச் சட்டை. இன்னொண்ணுல குட்டை இருப்பான், ஏணியோட மிச்சமும் இருக்கும். சிநேகிதங்க, புருஷன் பெண்டாட்டிங்க ஆளுக்கொண்ணு போட்டுக்கிட்டுப் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க. ஏணி ஒண்ணா சேர்ந்துடும். எங்ககிட்ட இது ஒத்தையாத்தான் வந்துச்சு. ஒத்தைச் செருப்பு மாதிரி."

"இன்னொண்ணு இருக்குமா?"

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவனோடு சேர்ந்து அவளும் தேடினாள். ஏழு தொட்டியையும் அடி வரைக்கும் கிளறினார்கள். மஞ்சளாக எது கண்ணில் பட்டாலும் உருவிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. அவள் கழிவுத்துணியைக் கட்டிக் கொடுத்து, வாசல் வரைக்கும் வந்தாள். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர, எதுவும் கேட்கவில்லை.

வழியில் எட்டு மாடிக் கட்டடம். நெட்டையன் உள்ளே போனான். காவலாளி தன் கூண்டில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னோட வேலை செஞ்சானே ஒருத்தன், குட்டையா. ஞாபகம் இருக்கா?"

"எந்தக் குட்டை? நான் இங்க வந்தே ஒன்றரை மாசம்தானே ஆகுது. நீ ஒத்தை ஆளாத்தானே வருவே?"

ஒரு சுளையை நீட்டினார். நெட்டையன் வாங்கிக்கொண்டு அறைக்கு நடந்தான்.

ஆக, ஐந்து வாரமாக மச்சானை ஒருத்தரும் விசாரிக்கவில்லை. காவலாளி இல்லை, ரொட்டிப் பை அம்மாள் இல்லை, தபால்காரர் இல்லை. அவ்வளவு பேரும் முதுகில் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார்கள். இவன் நின்று நின்று தோள் எலும்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். இந்த ஊரில் மச்சான் என்று ஒருவன் இருந்தது வேலையில் கூட இருந்த நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதை நினைத்தபோது சட்டையைக் கழற்றி எறியத் தோன்றியது. ஆனால் கழற்றவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து போனில் அந்தப் படத்தைத் தேடினான். பெயர் தெரியாது. ஏணி, ரெண்டு கோமாளி என்று போட்டதும் முதலிலேயே வந்தது. பகல் வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளை சரியாகத் தெரியவில்லை. போனைப் போர்வைக்குள் வைத்து, தலையையும் உள்ளே விட்டுப் பார்த்தான்.

நெட்டை முன்னால் போனான். குட்டை பின்னால். நெட்டை திரும்பினான். ஏணியின் வால் சுற்றி வந்தது. குட்டை கையைக் காலை உதறிக்கொண்டு பின்னால் ஓடி, ஒரு வாளிக்குள் காலை விட்டான்.

போர்வைக்குள் நெட்டையன் சிரித்துவிட்டான். மறுபடியும். அந்தப் படிக்கட்டில் வந்த அதே சிரிப்பு, அடக்கமுடியாமல். சிரித்துக்கொண்டே உடம்பெல்லாம் கூசினான்.

ஆனால் படம் அங்கே நிற்கவில்லை. குட்டை எழுந்தான். வாளியை உதறிப் போட்டுவிட்டு, தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு, ஏணியின் பின்முனையைப் பிடித்தான். மறுபடி அடி விழுந்தது. மறுபடி எழுந்தான். நெட்டையன் எண்ணிப் பார்த்தான். பதினோரு தடவை விழுந்தான், பதினோரு தடவையும் எழுந்தான்.

போர்வையை விலக்கிவிட்டு ஊருக்குப் போன் போட்டான்.

"அண்ணா, அவர் இப்பதான்..."

"தூங்கட்டும். நான் உங்கிட்டதான் பேசணும். ஒரு கூத்து நடந்துபோச்சு, கேளு. ஸ்பீக்கர்ல போடு."

"எதுக்கு ஸ்பீக்கர்?"

"போடேன்."

போட்டாள். அறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. நெட்டையன் சட்டை வாங்கினதிலிருந்து சொன்னான். ரொட்டிப் பை அம்மாளைச் சொன்னான், குழிக்குள்ளிருந்து கேட்டவனைச் சொன்னான், தபால்காரரைச் சொன்னான். தான் ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து மச்சானின் எலும்பு எங்கே உடைந்தது, எத்தனை நாளில் கூடும் என்று விளக்கியதைச் சொன்னான். தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அண்ணா! தபால்காரர்கிட்டயுமா?"

"தபால்காரர்கிட்ட எக்ஸ்ரேவே சொல்லிட்டேன்."

அப்போது அவள் சிரிப்புக்குப் பின்னால் இன்னொரு சிரிப்பு கேட்டது. மூக்கால் வருகிற சிரிப்பு. டிவி இல்லை.

பிறகு போன் கைமாறியது.

"அந்தச் சட்டையில இருக்கிறது நீயா, நானா?" மச்சானின் குரல். அதைக் கேட்டு நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது.

நெட்டையன் எழுந்து நின்றுவிட்டான். "நான்தான் மச்சான். முன்னால பிடிக்கிறவன்."

"அப்ப நான் எங்க?"

"நீ இல்ல. ஏணி பாதியில நிக்குது. அதத்தான் எல்லாரும் கேட்டாங்க."

மச்சான் ஸ்பீக்கரை அணைத்தான்.

"ஏன்டா சிரிச்ச?"

சட்டையைப் பற்றி அவன் கேட்கவில்லை என்று நெட்டையனுக்குத் தெரியும்.

"தெரியல மச்சான். வந்துடுச்சு."

"விழும்போதே கேட்டுச்சு. வலி அப்புறம்தான் வந்துச்சு, முதல்ல உன் சிரிப்புதான் வந்துச்சு. பத்து நாள் சோறு ஊட்டினியே, ஒவ்வொரு உருண்டைக்கும் அதான் காதுல கேட்டுச்சு."

"இன்னிக்கு அந்தப் படத்தைப் பாத்தேன். அவன் விழுந்தா எல்லாரும் சிரிக்கிறாங்க. எழுந்திரிச்சுடுவான்னு தெரியும், அதனால சிரிக்கிறாங்க. நீயும் எழுந்திரிச்சுடுவேன்னு நெனச்சேன் மச்சான். எழுந்திரிச்சு வந்து என்னைக் கெட்ட வார்த்தையில திட்டுவேன்னு நெனச்சேன்."

"எழுந்தேன்ல?"

"ஆமா."

"எழுந்து என்ன. கை தோளுக்கு மேல போக மாட்டேங்குது. பாப்பாவைத் தூக்க முடியல. ஏணியை எங்க தூக்கறது?" ஒரு மூச்சு விட்டான். "நான் வரல மச்சான். மேஸ்திரிகிட்ட போன வாரமே சொல்லிட்டேன். இங்க ஒரு பெயிண்ட் கடையில உக்காந்திருக்கேன். மெஷின் கலர் கலக்குது, நான் அதை வேடிக்கை பாக்குறேன்."

நெட்டையன் எதிர்க்கட்டிலைப் பார்த்தான். வெயிலில் காயவைத்த மெத்தை உப்பிக்கொண்டு இருந்தது.

"ஆச்சுக்கு நான் காத்திருந்திருக்கணும்" என்றான்.

"ஆமா. இருந்திருக்கணும்."

நெட்டையன் எதையாவது பேசவேண்டும் என்று, "கண்ணாடியை என்ன செய்ய? உன் உயரத்துலயே தொங்குது" என்றான்.

"இருக்கட்டும். குனிஞ்சு பாரு" என்றான் மச்சான். குரலில் கொஞ்சம் பழைய மச்சான் இருந்தான். "சட்டையை போட்டோ பிடிச்சு அனுப்பு. பாப்பாவுக்குக் காட்டறேன்."

"சரி."

"ஆச்சு, வச்சுடு."

நெட்டையன் சட்டையைக் கழற்றி, மச்சானின் கட்டில் மேல் விரித்து, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று போட்டோ எடுத்து அனுப்பினான். பிறகு அதை மடித்து அலமாரியில் வைத்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேன் வந்தது. மேஸ்திரி ஒரு புது ஆளைக் கூட்டி வந்திருந்தார். அவனுக்குத் தமிழ் தெரியாது. நெட்டையன் நீலச் சட்டை போட்டிருந்தான். ஏணியை இறக்கினார்கள். நெட்டையன் முன்னால் பிடித்தான், புது ஆள் பின்னால் பிடித்தான். முதல் வளைவில் நெட்டையன் "திரும்புறேன்" என்றான். பதில் வரவில்லை. ஏணியைக் கீழே வைத்துவிட்டு, என்ன சொல்ல வேண்டும் என்று சைகையில் காட்டினான். புது ஆள் ரெண்டு தடவை தப்பாகச் சொல்லி மூன்றாம் தடவை "ஆச்சு" என்றான். எட்டாவது மாடி வரை பதினைந்து வளைவு. ஒவ்வொன்றிலும் நெட்டையன் அந்தச் சொல் வருகிற வரை நின்று, பிறகு திரும்பினான்.